சூட்டுத் தரையும் மோர்மிளகாயும்

ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீடு எங்கள் இருவரையும் விட வயதில் மூத்தது. குளிர்காலத்தில் இரண்டு சோடி காலுறையோடு நடந்தாலும் பாதம் விறைக்கும். என் முணுமுணுப்புத் தாங்காமல்தான் என் கணவர் வரவேற்பறையின் பழைய பலகைகளைக் கழற்றி, கீழே சூட்டுக் கம்பிகளைப் பரப்பி, மேலே புதுப் பலகை பதித்தார். மின் இணைப்புக்கு மட்டும் ஆள் வந்தார். மற்றதெல்லாம் இவர் கைவேலை, ஐந்து வார இறுதிகள். அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் காலுறையைக் கழற்றவைத்து அதன்மேல் நடக்கவிட்டார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தரை ஆறிப்போனது. சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டோ இருபத்தேழு பாகை என்று கூசாமல் காட்டிக்கொண்டிருந்தது. இவர் முழங்காலில் நின்று தரையைத் தடவினார். காதை வைத்துக்கூடக் கேட்டார்.

"பிழை என்ரதான். ஆணி அடிக்கேக்க கம்பியில பட்டிருக்கும்."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இவர் தன் பிழை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

இவர் கராஜுக்குப் போய், பலகை நெம்புகிற இரும்பு அலவாங்கோடு வந்தார். "பலகையைக் கிளப்பத்தான் வேணும். சூட்டை அளக்கிற சென்சர் சோபாவுக்குப் பின்னால கிடக்கு. அதில துவங்குவம்."

சோபாவுக்குப் பின்னால்தான் முதல்நாள் இரவிலிருந்து என் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வெளியே பனி கொட்ட, இவ்வளவு நல்ல சூட்டை வீணாக்க மனம் வரவில்லை. பலகையில் மோர் படக்கூடாதென்று தடித்த போர்வையை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் தட்டை வைத்திருந்தேன். தடிப்பாக எதையும் தரையில் விரிக்கக்கூடாது, சூடு அடைபட்டால் சென்சர் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்று இவர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

பேசாமல் இருந்தால் தரை போய்விடும். சொன்னால் அந்தப் "பிழை என்ரதான்" போய்விடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் யோசித்தேன்தான். ஆனால் இவர் சோபாவை நகர்த்தக் குனிந்தபோது, ஐந்து வார இறுதியும் முழங்கால் நோகத் தவழ்ந்தது நினைவுக்கு வந்தது. எல்லாம் என் காலுக்காக. பாவமாக இருந்தது.

"பொறுங்கோ! நான்தான் அதில மிளகாய் காயப்போட்டனான்."

இவர் சோபாவை இழுத்தார். மிளகாயைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தினார்.

"நான் அப்பவே சொன்னனானெல்லே, என்ர வேலையில பிழை வராதெண்டு."

எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "ஓம்" என்றேன்.