ராத்தா கேட்ட கம்ப்யூட்டர்

என் அக்கா, சுஹைரா ராத்தா, கம்ப்யூட்டர் வாங்கப் போகிறாள் என்ற செய்தி எங்கள் ஊர் கிண்ணியாவில் பரவ ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எஞ்சினியர்கள்தான். மீன் கொண்டு வருகிறவர்கூடக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "கேமிங் மெசின் எடுங்க, அதுதான் பவர்" என்றார். அவருடைய மகன் ஃபோனில் ஏதோ கார் ஓட்டுகிறானாம். அந்தத் தகுதியில் சொல்கிறார்.

ராத்தா கேட்டது மூன்றே மூன்று. முப்பத்திரண்டு ஜீபி ரேம். நிறத்தை உள்ளபடி காட்டும் திரை. மூன்றாவது, உள்ளே இருக்கும் டிஸ்க்கை அவளே ஸ்குரூ டிரைவரால் கழற்றிக் கையில் எடுக்க முடிய வேண்டும். முதல் இரண்டுக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாவதைக் கேட்டதும், "அது எதுக்கு உங்களுக்கு?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதற்கு என்று நானே சொல்கிறேன். ராத்தா கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்குப் படம் பிடிக்கிறவள். பன்னிரண்டு வருடமாக இதுதான் தொழில். அந்தப் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள். சில வீடுகளில் வாசலிலேயே எல்லோருடைய ஃபோனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டுவிடுவார்கள். பெண்கள் முக்காட்டை எடுத்துத் தலையைத் திறந்து, பூ வைத்து, தங்களுக்குள் பாடிச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். உள்ளே போகும் ஒரே கமரா ராத்தாவுடையது. லைட் பிடிப்பது நான், அவளுடைய தங்கை பஸ்மியா. படங்களைத் திருத்துவதும் அல்பம் அடுக்குவதும் அச்சடிப்பதும் வீட்டு அறையில், அவள் கையால்தான். அந்த அறைக் கம்ப்யூட்டருக்கு இண்டர்நெட் கிடையாது. வேலை முடிந்ததும் பெண்ணின் உம்மாவைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, அவர் பார்த்திருக்கப் படங்களை அழிப்பாள். மெசின் பழுதானால் டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவிட்டு, வெறும் பெட்டியைத்தான் கடைக்கு அனுப்புவாள். கேட்டால், "அமானிதம் புள்ள" என்பாள். நம்பி ஒப்படைத்த பொருளுக்கு எங்களிடம் அதுதான் பெயர்.

பழைய மெசின் கிழண்டி விட்டது. நாற்பது பக்க அல்பத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம். வந்து பார்த்தால் பாதிதான் திறந்திருக்கும். பெருநாளுக்குப் பிறகு கல்யாணங்கள் வரிசையாக நின்றன. ஆகவே நானும் ராத்தாவும் பஸ் ஏறி டவுனுக்குப் போனோம்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இராகுலன் என்ற பொடியனின் கடை. வாசலில், டவுனில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் ஒன்று கம்ப்யூட்டர் பெட்டியின் அட்டையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். இராகுலன் நேராகக் கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் நிறுத்தினான். உள்ளே சிவப்பும் நீலமுமாக லைட் ஓடியது.

"இந்தக் கிராஃபிக்ஸ் கார்டோட எண்டா பறக்கும் அக்கா."

"எனக்குப் பறக்கத் தேவல்ல தம்பி. அல்பம் திறந்தாப் போதும். அந்தக் கார்டுக்குக் குடுக்கிறத ரேமுக்கும் திரைக்கும் குடுங்க" என்றாள் ராத்தா.

பிறகு பையிலிருந்து ஒரு படத்தையும் ஒரு பென்டிரைவையும் எடுத்தாள். மருதாணி போட்ட கை மட்டும் தெரியும் படம். அது என் கைதான். அதே படத்தை ஒவ்வொரு திரையிலும் போடச் சொல்லி, அச்சடித்த தாளைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு திரையில் மருதாணி தார் பூசியதாகத் தெரிந்தது. இன்னொன்றில் செம்மஞ்சளாய்த் தோடம்பழ நிறம். விலை கூடிய ஒரு வளைந்த திரையில் என் விரல்கள் வெளிறிப்போய், யாருடையதோ ஆகிவிட்டன. இரண்டு மணித்தியாலம் இப்படி நின்றோம். கடைசியில் மூலையில் கிடந்த, பார்க்கவே சோம்பலான ஒரு திரையில்தான் மருதாணி மருதாணியாக இருந்தது.

"இதை ஒருத்தரும் கேக்கிறதில்லை அக்கா" என்றான் இராகுலன்.

"அதாலதான் உங்களிட்ட இன்னும் இரிக்கி" என்றாள் ராத்தா.

பெட்டியும் அப்படித்தான். கறுப்பு, தடிப்பு, அழகென்று சொல்ல எதுவும் இல்லை. பக்கத் தகட்டில் இரண்டு ஸ்குரூ. ராத்தா தானே கழற்றி, டிஸ்க்கை உருவி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் கண்டு பல நாள். சனிக்கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை கத்தாரிலிருந்து எங்கள் மூத்த அண்ணன், ஹிஸ்புல்லா காக்கா, கோல் எடுத்தார்.

"நான் இரிக்கக்குள்ள நீ ஏன் டவுனுக்குப் போய்க் கண்ட பெட்டியெல்லாம் வாங்கிற? டோஹாவில டிசைன் செய்யிற ஆக்கள் எல்லாம் வெச்சிருக்கிற சாமான் வாங்கிட்டன். ஆள் வருது, குடுத்தனுப்புறன்."

"காக்கா, அதில டிஸ்க்கக் கழட்ட ஏலுமா?"

"டிஸ்க்கும் கிஸ்க்கும்! உலகத்திலேயே திறமானது புள்ள!"

வந்தது. வெள்ளி நிற லேப்டாப். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் தடிப்புத்தான். பார்க்க வந்தவர்கள் தடவித் தடவிப் பார்த்தார்கள். ராத்தா மட்டும் அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். எங்களிடம் இருந்த எந்த டிரைவரும் பொருந்தாத குட்டி ஸ்குரூக்கள். இராகுலனிடம் ஃபோனில் கேட்டாள். "அதில டிஸ்க் எண்டு தனியா ஒண்டும் இல்லை அக்கா. போர்ட்டிலேயே ஒட்டி வருது" என்றான்.

திருப்பி அனுப்புவோம் என்று ராத்தா சொன்னாள். உம்மா விடவில்லை. "காக்கா ஆசையா வாங்கின சாமான். அவன்ட மனசு நோகும்." ராத்தாவின் மனசு நோவது கணக்கிலேயே இல்லை. அன்றைக்கு அவளும் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு மற்ற எல்லோரையும்விட அவளில்தான் ஆத்திரம் வந்தது. இராகுலனுக்குப் பெட்டி வேண்டாம் என்று நான்தான் ஃபோன் பண்ணினேன்.

மெசின் வேகமானதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ராத்தா படங்களை வெளியே ஒரு டிஸ்க்கில் வைத்து வேலை செய்துவிட்டு அதைப் பூட்டி வைத்தாள். ஆனால் திருத்தும்போது அந்த சொஃப்ட்வெயார் தன்பாட்டில் உள்ளேயும் பிரதி எடுத்து வைக்கும். அழித்துக்கொண்டே இருந்தாள், அழிந்ததா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. இப்படிப் பதினொரு வீட்டு அல்பம் முடிந்தது. பன்னிரண்டாவது, காக்காவின் மகள் ஷாமிலாவின் கல்யாணம்.

அதற்காகக் காக்கா லீவில் வந்தார். கல்யாணம் முடிந்து நான்காம் நாள் அவருடைய கூட்டாளிகள் வந்தார்கள். தான் வாங்கிக் கொடுத்த மெசினைக் காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை. ராத்தா குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நேரம் அறைக்குள் போய்த் தூக்கி வந்து, மேசையில் வைத்து, அதன் மெலிவைக் காட்டக் கையை வீசினார். கூட்டாளிகள் குடித்துக்கொண்டிருந்த பலூடாக் கிளாஸ் அதன்மேல் சாய்ந்தது. கசகசா விதைகள் கீபோர்டு முழுவதும் ஊறிக் கிடந்தன. திரை ஒருமுறை மின்னி அணைந்தது.

மறுநாள் காக்காவும் நாங்கள் இருவரும் இராகுலனின் கடையில் நின்றோம். அவன் சிறப்பு டிரைவர் ஒன்றால் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும். பாஸ்வேர்டையும் எழுதித் தாங்கோ. அது இல்லாட்டி எடுக்க மாட்டினம். திறந்து எல்லாம் சரியா எண்டு பாத்துத்தான் திருப்பி அனுப்புவினம்."

"அனுப்ப ஏலாது" என்றாள் ராத்தா.

காக்கா கடை அதிரக் கத்தினார். "உனக்கு விசரா? எவ்வளவு பெறுமதியான சாமான்! கொழும்பில ஆருக்கு இதப் பாக்க நேரமிரிக்கி? ஊருக் கல்யாணப் படம், அதுக்குப் போய் இவ்வளவு கதை!"

ராத்தா மேசையிலிருந்த பேனையையும் துண்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க காக்கா. பாஸ்வேர்ட் நான் சொல்றன். கடைசியா இதில அடுக்கினது ஷாமிலாட அல்பம். மதினியும் அதில இரிக்கா."

காக்கா பேனையை எடுத்தார். திறந்தார். தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

"வேணாம் தம்பி" என்றார் இராகுலனிடம். "அனுப்பத் தேவல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாலு மாதமாக ராத்தா சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு பெயரைச் சொன்னதும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

இராகுலன் போர்ட்டைக் கழற்றி, படங்கள் எல்லாம் இருக்கும் கறுப்புச் சில்லைப் பேனை நுனியால் தொட்டுக் காட்டினான். நகத்தின் அளவுதான். வீட்டுக்கு வந்ததும் காக்கா சுத்தியலைத் தேடி எடுத்துக்கொண்டு குசினிக்குப் பின்னால் போனார். அம்மிக்கல்லில் போர்ட்டை வைத்து, பிஸ்மி சொல்லி, ஓங்கி ஒரு அடி அடித்தார். சில்லு பிளந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"சரி, முடிஞ்சி" என்றார்.

ராத்தா சுத்தியலை எடுத்துத் திரும்ப அவர் கையில் வைத்தாள்.

"அது உங்கட மகளுக்கு. இன்னும் பதினொரு வீட்டுப் புள்ளைகள் இரிக்காங்க காக்கா. அடிங்க."

காக்கா அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்து மறுபடி அடித்தார். நான் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினேன்.