ஞானமணி மாமாவும் ஹிக்கடுவை ரயிலும்

மாமா இறந்த செய்தி வந்தபோது நான் வார்டில் ஒரு நோயாளிக்கு ட்ரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். அழைத்தது அவர் மகள் ஷீபா. "சித்தி, அப்பா போயிட்டாரு" என்றாள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். இருபத்தாறு வருட நர்ஸ் வேலை என்னை அப்படித்தான் கேட்க வைத்திருக்கிறது. காலை பத்து நாற்பது என்றாள். நான் பாட்டிலை மாட்டினேன், சொட்டுகளை எண்ணிச் சரி செய்தேன், பிறகு கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்திலும் வரவில்லை. உங்களில் பலர் அதைக் கவனித்தீர்கள். ஒருவர் என் காதுபடவே, "கல்நெஞ்சுக்காரி" என்றார். பரவாயில்லை.

இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவள் ஷீபா. "எல்லாரும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்திருக்காங்க. நீயாவது உண்மையா எழுது சித்தி" என்றாள். ஆகவே எழுதுகிறேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று நினைப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே போதகர் ஐயாவின் கட்டுரை இருக்கிறது.

என் அக்கா எஸ்தரின் கணவர் ஞானமணி. நான் அவரை மாமா என்று அழைப்பேன். ரயில்வேயில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்யூர்ப் பக்கத்தில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டும் கடலை பிடுங்கியும் பிழைத்த எங்கள் இரண்டு குடும்பங்களிலும் முதன்முதலாகச் சர்க்கார் சம்பளம் வாங்கியவர். அந்தப் பெருமையை அவர் கடைசிவரை இறக்கி வைக்கவில்லை. அடக்க ஆராதனையில் போதகர், "நேரம் தவறாத மனிதர்" என்றார். உண்மைதான். "லேட்டா வர்றவன் திருடன், அடுத்தவன் நேரத்தைத் திருடுறான்" என்று மாமா சொல்லுவார். கல்யாண வீட்டிலும் சொல்லுவார், சாவு வீட்டிலும் சொல்லுவார். சாப்பாடு இரண்டு நிமிடம் தாமதமானால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். அக்கா அந்தத் தட்டைப் பார்த்தபடி நிற்பாள். நேரம் தவறாதவர் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் படுகிறது.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மாமல்லபுரம் போவோம். செங்கல்பட்டில் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷீபாவோடு அலையில் இறங்குவார். அக்கா மணலில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வாள். "சேலை நனைஞ்சா பஸ்ல எப்பிடி வருவே? ஊரே பாக்கும்" என்று ஒருமுறை சொன்னார். அதன்பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை, அக்காவே போய்ச் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கடலிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் முட்டி நனைய நின்றதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஷீபா எங்களை இலங்கைக்கு அழைத்துப் போனாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். அப்பா ஓய்வு பெற்றதற்கு அவள் பரிசு அது. மாமா, அக்கா, ஷீபா, நான், நான்கே பேர். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவர்கள் நாங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே நான்கு பாஸ்போர்ட்டையும் மாமா வாங்கித் தன் இடுப்புப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். அங்கே போனதும் சிம் கார்டும் அவர் போனில் மட்டும்தான். "ஒருத்தர் கையில இருந்தா போதும்" என்றார்.

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் அவர் முகம் மலர்ந்திருந்ததை மறைக்க மாட்டேன். அறிவிப்பு தமிழிலும் வந்தது. பெயர்ப் பலகைகளில் தமிழ் இருந்தது. "பாத்தியா, நம்ம எழுத்து" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் காட்டினார். தெற்கே போகும் அந்த வண்டி கடலை ஒட்டியே போகிறது. சன்னல் வழியே நுரை தெரிகிறது, உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது. கூடையில் இறால் வடை விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். அக்கா ஒன்று வாங்கித் தரச் சொன்னாள். "வயித்துக்கு ஆவாது" என்றார் மாமா. ஷீபா வாங்கிக் கொடுத்தாள். அக்கா அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹிக்கடுவையில் இரண்டு நாள் தங்கினோம். இரண்டாம் நாள் காலை கடற்கரையில் ஆமைகள் கரைவரை வந்திருந்தன. வெள்ளைக்காரக் கிழவிகள் முட்டியளவு தண்ணீரில் நின்று அவற்றுக்குப் பாசி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றினாள்.

"இன்னா பண்றே?" என்றார் மாமா.

"நானும் எறங்குறேன்."

"மதியம் வண்டி. ஈரத்தோட வருவியா? ஒக்காரு."

அக்கா உட்காரவில்லை. எனக்குத் தெரிந்து அவள் முதன்முறையாக அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "பின்ன எதுக்கு இம்மாந்தூரம் கூட்டிகினு வந்தீங்க? செருப்பு காவலுக்கா?"

பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா முகம் இறுகியது. எழுந்து விடுதியை நோக்கி நடந்தார். நாங்களும் பின்னால் போனோம், அக்காவும்தான். அதன்பிறகு மதியம்வரை அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ரயில் நிலையத்தில் அக்கா கழிவறைக்குப் போனாள். அவளுக்கு மூட்டு வலி, மெதுவாகத்தான் நடப்பாள். வண்டி வந்துவிட்டது. கூட்டம். ஷீபா முன்னால் ஏறி இடம் பிடித்தாள், நான் பெட்டிகளை ஏற்றி மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். மாமா கதவருகே நின்றார். வண்டி நகர்ந்தது.

"அக்கா எங்க மாமா?"

"அடுத்த பெட்டியில ஏறிட்டா."

நான் ஒவ்வொரு பெட்டியாக நுழைந்து பார்த்தேன். கூட்டத்தில் இடித்து, மிதித்து, கடைசிப் பெட்டிவரை போனேன். அக்காவைப் போல நீலச் சேலையில் யாரைப் பார்த்தாலும் தோளைத் தொட்டுத் திருப்பினேன். திரும்பி வந்து, அக்கா வண்டியில் இல்லை என்றேன். ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"வரலை போலக்கீது. வண்டி யாருக்காகவும் நிக்காது. அடுத்ததுல வருவா" என்றார்.

அக்காவிடம் டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, அந்த ஊர்க் காசு ஒன்றுகூட இல்லை. அவள் போனில் பேச முடியாது. கொழும்பில் நாங்கள் தங்கப்போகும் விடுதியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போகிறேன், அவள் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றேன். "எங்கிட்ட இருக்கட்டும். தொலைச்சிடுவீங்க" என்றார். ஷீபா எழுந்தாள். அப்பாவின் இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து, அம்மாவுடையதையும் என்னுடையதையும் எடுத்து என் கையில் திணித்தாள். அவர் தடுக்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, பெட்டிகளும் இருக்கின்றன, நீ அவரோடு போ என்று அவளிடம் சொல்லிவிட்டு அம்பலாங்கொடையில் இறங்கினேன். வண்டி போகும்போது சன்னலில் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

காலி என்ற ஊருக்குப் போகும் ஒரு பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன். அந்த அரை மணி நேரத்தில் என்னென்னவோ நினைத்தேன். நிலையத்தில் அக்கா இல்லை. டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேன், அவர் வெளியே கையைக் காட்டினார். அங்கே அன்னாசி விற்கும் வண்டி ஒன்று ஆளில்லாமல் நின்றது. பக்கத்து முச்சக்கர வண்டிக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில், "அழுதது... அம்மா... கூட்டிப் போனது... கடல்" என்றார். நான் ஓடினேன்.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். சேலை மிதந்தது. கரையில் ஒரு சிங்களப் பெண், அக்காவின் வயதுதான் இருக்கும், மணலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அக்காவின் செருப்பு. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு வேறெதுவும் தெரியாது. அழுது முடித்த என் அக்கா கடலைக் கைகாட்டியிருக்கிறாள். அந்தப் பெண் தன் அன்னாசி வண்டியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறாள்.

"அக்கா!" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் சிரித்தாள். "லில்லி, எவ்ளோ பெருசா வருதுடி! இரு, இன்னும் ரெண்டு அலை" என்றாள்.

இரண்டு என்றவள் இருபதுக்கு நின்றாள். நானும் இறங்கினேன். ஈரச் சேலையோடு அடுத்த வண்டி ஏறி, இறால் வடை வாங்கித் தின்றுகொண்டு கொழும்பு வந்து சேர்ந்தோம். விடுதி அறையில் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். முதல் வார்த்தை: "சேலை நனைஞ்சிருக்கு."

அக்கா குளிக்கப் போனாள்.

ஊர் திரும்பியபின் மாமா அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கினார். "எங்க வூட்டம்மா சிலோன்ல தொலைஞ்சி போனா தெரியுமா? ரயில்வேக்காரன் பொண்டாட்டி வண்டியை வுட்டுட்டா!" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். இதைப் படிப்பவர்களில் குறைந்தது பத்துப் பேர் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அக்கா பந்தியில் பரிமாறிக்கொண்டே அதைக் கேட்டாள்.

கடைசி எட்டு மாதம் அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு தடவை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே டயாலிசிஸுக்கு வந்தார். என் வேலை நேரம் முடிந்தபின் அவர் பக்கத்தில் உட்காருவேன். அக்காவுக்காகத்தான். ஒரு நாள் மதியம், மெஷின் ஓடிக்கொண்டிருக்க, கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"லில்லி, அன்னிக்கி அவ ஓடி வந்துகினு இருந்தா. நான் பாத்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கதவுலதான நின்னேன். வண்டி மெதுவாத்தான் போச்சு. கை குடுத்திருந்தா ஏறியிருப்பா."

"ஏன் குடுக்கல?"

சொன்னார்: "நான் இல்லன்னா இன்னா ஆவும்னு ஒரு நாளு தெரியட்டும்னு நெனச்சேன்."

அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நீயும் சொல்லாத" என்றார். எத்தனையோ நோயாளிகளின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அன்று என் கையை மடியைவிட்டு எடுக்கவில்லை. அதற்காக இன்றும் வருந்தவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாம் போனபின், அக்காவிடம் சொன்னேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நிறுத்தவில்லை.

"தெரியும்டி" என்றாள். "எனக்கும் அவுருக்கும் நடுவுல நாலடி இல்ல. நான் கையை நீட்டினேன். அவரு கையை முதுகுக்குப் பின்னால கட்டிகினாரு."

"தெரிஞ்சிகினேவா மூணு வருஷம் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தே?"

"அவருக்கு வேற யாரு கீறாங்க?" அடுத்த துணியை எடுத்தாள். "அந்தக் கோவத்தையெல்லாம் அந்தத் தண்ணியிலயே வுட்டுட்டேன். இதையும் தூக்கிகினு நடக்க என் மூட்டு தாங்காது."

இதையெல்லாம் மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஊரு சிரிச்சது போதும். ஆனா உன்னை நர்ஸிங் சேத்தாரே, அதையும் எழுது. இல்லன்னா அது பொய்யாப்பூடும்" என்றாள்.

ஆகவே அதையும் எழுதுகிறேன். எனக்குப் பதினெட்டு வயது. நர்ஸிங் படிப்புக்கு நேர்காணல். சென்னையில் அந்த வளாகத்தில் ஆயிரம் பேர் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா அம்மாவுக்கு அந்த வாசலைத் தாண்டவே பயம், அவர்கள் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். மாமா லீவு போட்டு வந்தார். என் சாதிச் சான்றிதழில் ஒரு முத்திரை சரியில்லை, நாளை வா என்றார்கள். நாளை என்றால் இடம் போய்விடும். மாமா மேஜைக்கு மேஜை போய்ச் சண்டை போட்டார். கெஞ்சவில்லை, "இது அவ பாத்தியதை" என்று கத்தினார். மாலைவரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கூட்டம் எந்தப் பக்கம் தள்ளினாலும் விடவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டபின்தான் விட்டார். கையில் அவர் விரல் தடம் சிவந்திருந்தது.

நான் இன்று சோறு தின்பது அந்தக் கையால். என் அக்கா நீட்டியபோது முதுகுக்குப் பின்னால் போனதும் அதே கைதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க எனக்குத் தெரியவில்லை, அழிக்கவும் மாட்டேன். அக்கா மன்னித்துவிட்டாள், அது அவள் உரிமை. நான் மன்னிக்கவில்லை, மாமா. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த இரண்டையும்தான்.