நெயில் பாலிஷ் புள்ளி

என் அக்காவின் கணவர் திரைச்சீலைக் கடையில் ஜன்னல்களுக்கு அளவெடுப்பவர். அவர் அளந்த திரைகள் ஜன்னலை முக்கால்வாசி மறைக்கும். மிச்சத்துக்கு, "காத்து வரணும்ல" என்பார். தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படிப்பால் வந்த பெயரல்ல. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார் என்று அவர் கைபட்ட எதுவும் பிழைத்ததில்லை என்பதால் வந்தது.

அக்காவின் பைக்குக்கு இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் காற்று விடும் கதவு போல ஒரு த்ராட்டில் பாடி. இரண்டும் ஒரே அளவு திறந்தால்தான் இன்ஜின் உதறாமல் ஓடும். சிக்னலில் நிற்கையில் அது லேசாக உதறியது. "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம், ஓட்டுங்க" என்றார் மெக்கானிக். டாக்டருக்கு அது போதாதா?

திங்கட்கிழமை அக்கா ஒரு மருத்துவமனை லேபில் புது வேலைக்குப் போகவேண்டும். விடியற்காலை ஷிப்ட். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. முதல் நாளே தாமதமானால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லியே சேர்த்திருந்தார்கள். இதெல்லாம் தெரிந்தும், சனிக்கிழமை காலை மாமா சீட்டைக் கழற்றி என் கட்டில்மேல் வைத்துவிட்டு, பெட்ரோல் டேங்கைத் தூக்கி முட்டுக்கொடுத்தார்.

ஒரு பலகையில் ஸ்கேலை ஒட்டினார். மெல்லிய குழாயை அதில் வளைத்துக் கட்டி, பாதிவரை எண்ணெய் ஊற்றி, முனைகளை இரண்டு த்ராட்டில் பாடிகளிலும் மாட்டினார். இரண்டு பக்கமும் எண்ணெய் சமமாக நின்றால் வேலை முடிந்தது. அதுவரை யோசனை சரிதான். திருகியதுதான் தப்பான திருகு. இரண்டையும் சமன்செய்ய நடுவிலிருக்கும் சின்க் திருகை விட்டுவிட்டு, தொடாதே என்று கம்பெனியில் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டு அனுப்பிய திருகில் கை வைத்தார்.

ஞாயிறு மதியம் எண்ணெய் ஒரேயடியாக ஒரு பக்கம் ஏறி இன்ஜினுக்குள் போனது. வாசல் முழுக்க வெள்ளைப் புகை.

"என்ன டாக்டர், கொசு மருந்தா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி.

"டெஸ்ட் பண்றேன் சார்."

அக்கா வெளியே வந்து இன்ஜினைக் குனிந்து பார்த்தாள். மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

"இது என் நெயில் பாலிஷ்தானே?"

"அடையாளம்மா. ஒரிஜினல் பொசிஷன் மறந்துடக் கூடாதுல்ல. எது தப்பாப் போனாலும் கரெக்டா இந்தப் புள்ளிக்கே கொண்டாந்துடறேன்."

"திருகறதுக்கு முன்னாடி வெச்சீங்களா, பின்னாடியா?"

மாமா ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பின்னாடிதான். ஆனா கொஞ்சமாத்தான் திருகினேன், அரைச் சுத்துகூட இருக்காது."

இரண்டு நாளாக, தன் தப்பையே பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார் மனிதர். ஒவ்வொரு முறையும் பிசகாமல் அந்தத் தப்புக்கே திரும்பியிருக்கிறார். அவர் வாழ்க்கையிலேயே துல்லியமாக அளந்தது அது ஒன்றுதான்.

அக்கா ரிமூவரில் பஞ்சை நனைத்து அந்தப் புள்ளியைத் துடைத்தாள். மஞ்சள் கோடு பாதி திருகின் மேலும் பாதி த்ராட்டில் பாடியின் மேலுமாகப் பிரிந்து கிடந்தது. இரண்டு பாதியும் சேரும்வரை திருகைத் திருப்பினாள். புகை அடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, குழாயில் புது எண்ணெய் ஊற்றி மாட்டினாள்.

"இன்ஜின் சூடானாத்தானே அளவு சரியா வரும். சூடாகாமலேயா இவ்ளோ நேரம் பாத்தீங்க?"

"சூடானா கை சுடுமே."

"பலகையைப் புடிங்க. அசையாதீங்க. பேசவும் வேணாம்."

சரியான திருகை அவள் மெல்லத் தொட்டாள். ஏறியிருந்த எண்ணெய் இறங்கியது, இறங்கியிருந்தது ஏறியது, இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. ஆக்சிலரேட்டரைத் திருகிவிட்டாள். மறுபடியும் அதே கோடு. உதறல் போயிருந்தது. மாமா அப்போதும் பலகையை விடவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் அக்காவின் போன் வந்தது.

"நேரத்துக்கு வந்துட்டேன்டி. சொல்லிடு அவர்கிட்ட."

சொன்னேன். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சுவரருகே போனார்.

"சின்க்னா சும்மா இல்ல சார். எண்ணெய் ரெண்டு பக்கமும் சமமா நிக்கணும். அதுக்குப் பொறுமை வேணும். உங்க வண்டிகூட சிக்னல்ல உதறுதுன்னீங்களே?"

"இல்ல டாக்டர், நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே பூட்டினார்.