சாய்ந்து நின்ற கெப்பாசிட்டர்

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் எனக்கு ஒரே வேலை. மின்னணுப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் குற்றம் கண்டுபிடிப்பது. பட்டியலில் என்ன எண் இருக்கிறதோ, பாகத்திலும் அதே எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர்தான். நான் வருவதைப் பார்த்தாலே உற்பத்தி லைனில் பலர் தங்கள் பலகையை இன்னொரு முறை சரிபார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலையை விட்ட பிறகு கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியில் ரேடியோ, மின்விசிறி என்று எதையாவது பிரித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் கீழ்வீட்டு ஆன்ட்டி கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. கேமராவும் திரையும் சேர்ந்த ஒரு பழைய கருவிதான் அவருக்கு வாசிக்க உதவியது. ஒவ்வொரு எழுத்தையும் உள்ளங்கை அகலத்துக்குக் காட்டும். போன மாதம் அது அணைந்துபோனது. மகன் வாங்கித் தந்த டேப்லட்டில் எழுத்து வழுக்கி ஓடுகிறதாம். அதை மூடி வைத்துவிட்டார். நான் வந்து வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"மற்ற ஆக்கள் வாசிச்சா அது அவை எனக்குச் சொல்ற கதை, பிள்ளை. நான் வாசிச்சதாகாது."

மேலே போய்த் திருப்புளியை எடுத்துவந்து கருவியைத் திறந்தேன். மின்சாரம் வரும் பலகையில், மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் சிறு உருளையான கெப்பாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருந்தது. அதன்மேல் அச்சிட்டிருந்த எண், ஆயிரம் மைக்ரோஃபாரட், பதினாறு வோல்ட். குறித்துக்கொண்டு ஜார்ஜ்டவுன் கடைக்குப் போனேன். இது எதற்கு என்று சீனக் கடைக்காரர் மலாயில் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. எண்தான் இருக்கிறதே, எடுத்துக் கொடுத்தால் போதாதா? கொடுத்தார். கொண்டுவந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் பற்றவைத்தேன். திரை ஒளிர்ந்தது. ஆன்ட்டி கைதட்டினார்.

பத்து நிமிடத்தில் எழுத்துகள் நடுங்கத் தொடங்கின. அரை மணி நேரத்தில் வாசிக்கவே முடியவில்லை. அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், புதிய கெப்பாசிட்டர் கொதித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அதே கடைக்குப் போய், அவர் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாக மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் பலகை, பக்கத்திலேயே சூடாகும் உலோகத் தகடு. அவர் சிரித்தார். எண் ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றல்ல என்றார். சாதாரண வகை அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. உள்தடை குறைந்த வகை வேண்டும், நூற்றைந்து டிகிரி வரை சூடு தாங்க வேண்டும், மைக்ரோஃபாரட்டை மாற்றாமல் வோல்ட் மட்டும் கூடுதலாக எடுக்கலாம் என்றார். அந்த வகையில் மூன்றை மேசையில் வைத்து, நீயே பார்த்து எடு என்றார்.

என் கை நீளவில்லை. தொழிற்சாலையில் பாகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் எஞ்சினியர்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இது வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் இருபத்தைந்து வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்தேன். கொஞ்சம் பருமனானது. பலகையில் பக்கத்துப் பாகத்தில் இடித்துச் சாய்ந்துதான் நின்றது. நான் ஆயிரம் முறை திருப்பி அனுப்பிய குற்றம்! அசையாதபடி பசை வைத்து, அப்படியே விட்டேன்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். எழுத்து அசையவில்லை. அணைத்துத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

மறுபடி போட்டதும் ஆன்ட்டி உள்ளறைக்குப் போய், ஒட்டுப் பிரிக்காத ஒரு கடித உறையுடன் வந்தார். வந்து மூன்று வாரமாம், தங்கை எழுதியது. பிரித்துக் கேமராவுக்கு அடியில் வைத்தார். முதல் வார்த்தை திரை முழுக்க நின்றது. அறையில் இருக்கும் யாருக்கும் தெரியும் அளவு.

"பிள்ளை, கொஞ்சம் வெளியில நில்லும்."

கதவைச் சாத்திவிட்டு நடைபாதையில் நின்றேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. சிறிது நேரத்தில் உள்ளே அவர் சிரிப்பது கேட்டது. எதற்கென்று நான் இன்றுவரை கேட்கவில்லை.