சின்னம்மாவின் இரண்டு காப்புகள்

என் பேச்சை அன்று ஒருவராவது காதில் வாங்கியிருந்தால் அந்தக் கல்யாணம் நின்றிருக்காது. அன்றைக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருந்த, அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்கு, மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். மனைவியை இழந்தவர், தலையெல்லாம் நரை. சின்னம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பு செய்விக்கும் வேலையை மட்டும் அவரிடம் விட்டார்கள். பத்தர் உருக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்காவிட்டால் தங்கம் குறைந்துவிடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. எட்டு வயதான என்னையும் காவலுக்குச் சேர்த்துச் செட்டியார் தெருவுக்கு அனுப்பினார்கள்.

நான் கண் வெட்டாமல் பார்த்தேன். பதினொரு பங்கு தங்கத்தோடு ஒரு பங்கு செம்பு சேர்த்து உருக்கினார் பத்தர். முதல் காப்புக்கான தங்கம் சிவந்து வந்தது. இரண்டாவதற்கும் செம்பை எடுத்தபோது சின்னம்மா தடுத்தார்.

“இதுக்கு வெள்ளி போடுங்கோ.”

“நிறம் வெளிறிப் போகும், பிள்ளை. ஒண்டுக்கொண்டு ஒத்து வராது.”

“பரவாயில்லை.”

பத்தர் தலையில் அடித்துக்கொண்டு அதே ஒரு பங்கு வெள்ளியைப் போட்டார்.

நாள் குறிக்க வந்த மாப்பிள்ளையின் தாயார், சின்னம்மாவின் கைகளை யன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார்.

“இது பவுண். மற்றது என்ன, பித்தளையோ?”

அப்பா ஓடிப்போய் அடுத்த ஒழுங்கையிலிருந்து வேறொரு பத்தரை உரைகல்லும் கையுமாகக் கூட்டி வந்தார். இரண்டும் ஒரே மாற்றுத்தான் என்று அந்த மனுஷன் உரைத்துக் காட்டினார். தாயார் மசியவில்லை.

“எங்களுக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியளோ?”

அப்பா காப்பு செய்த பத்தரை ஏச, அம்மா அப்பாவை ஏச, வீடு சந்தையானது. காவல் இருந்தவள் நான். என்னிடம் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்தேன்.

“செம்பு போட்டாச் சிவக்கும், வெள்ளி—”

பின்னாலிருந்து ஒரு கை என் வாயை இறுக்கிப் பொத்தியது. கடித்தும் பார்த்தேன், அசையவில்லை. வந்தவர்கள் படலை தாண்டி ரிக்ஷா ஏறிய பிறகுதான் விட்டது. திரும்பினால், சின்னம்மா.

தன் மடத்தனத்தை நான் போட்டுடைத்துவிடுவேன் என்ற வெட்கம் என்றே நினைத்தேன். கல்யாணமே போகிறது, இப்போதாவது வாயைத் திறந்து சொல்லக்கூடாதா என்று கோபம் கோபமாக வந்தது.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சின்னம்மா மட்டும் இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார். இப்படியும் ஒரு வெட்கங்கெட்ட பெண் இருப்பாளா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.