கல்லறைத் தோட்டத்துப் புரட்சிக்காரன்

முற்போக்குக்காரன் என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது என் அப்பாவின் அடக்கத்தில். பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பழைய மிஷன் சபையில் அன்று பெண்கள் குழிவரை வருவதில்லை. முற்றத்தில் நின்று அழுதுவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். கல்யாணமாகி ஆறு மாதமே ஆகியிருந்த என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். பெரியப்பா வழிமறித்தார்.

"எலே, நாலு பேரு என்ன சொல்லுவினும்?"

"சொல்லட்டும் பெரியப்பா" என்று நடையைக் கட்டினேன். இருபத்தைந்து வயதுத் திமிர். அடுத்த அடக்கத்துக்குப் பத்துப் பெண்கள் வந்தார்கள். கொஞ்ச காலத்தில் யாருக்கும் அது புதுமையாகவே இல்லை. எனக்கு மட்டும் பட்டம் நிலைத்தது. எந்தப் பேச்சிலும் "நான் அந்தக் காலத்திலேயே லிபரல் ஆக்கும்" என்று ஆரம்பிப்பேன். மனைவி சிரிப்பாள். "ஒரு நாள் லிபரலா இருந்ததுக்கு ஆயுசு முழுக்கப் பென்ஷனா?"

போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள், சவப்பெட்டியை மூடியதும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நானும் தூக்குகேன் அப்பா."

"வேண்டாம் மக்கா. நாலு பேரு என்ன சொல்லுவினும்?"

என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் என்னையே பார்த்தாள்.

"தாத்தா அடக்கத்துக்கு அம்மையைக் குழிவரைக்கும் கூட்டிட்டுப் போனது நீங்கதானே?"

"அது வேற, இது வேற."

என்ன வேறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கைகாட்டி அழைத்தேன். என் மனைவியோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார் அந்த மனுஷர். அவர் தோள் கொடுத்தார். மகள் செருப்பில்லாமல் சேற்றில் பின்னால் நடந்து வந்தாள்.

ஒரு வாரம் கழித்து ஜெபத்துக்கு வந்த இளம் போதகரிடம், பெண்பிள்ளை பெட்டி தூக்கலாமா என்று கேட்டேன். "அதுக்கென்ன? போன மாசம் நெய்யாற்றின்கரையில ரெண்டு பெண்மக்கள் தூக்கினாங்களே" என்றார். இருபத்தைந்து வயதில் நின்ற இடத்திலேயே நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். ஊர் என்னைத் தாண்டிப் போய்விட்டது. அப்படியானால் யாருக்குப் பயந்தேன்? பெரியப்பாவும் அவரோடு நின்று முறைத்தவர்களும் எப்போதோ அதே தோட்டத்தில் அடக்கமாகிவிட்டார்கள். சே! செத்தவர்களுக்குப் பயந்து என் பிள்ளையை அவள் அம்மாவிடமிருந்து விலக்கிவிட்டேன்.

மகள் கோபத்தைக் காட்டவில்லை. சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"நான் செத்தா நீ தூக்குவியா மக்கா?"

தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நாலு ஆம்பிளைகளை ஏற்பாடு பண்ணுகேன் அப்பா. நீங்க பயப்படாண்டாம்."