கூழைக்கடாவுக்குப் பதிலாக ஒரு பட்டி

முல்லைத்தீவில் மரியநேசனைப்போல அமெரிக்காவைக் கரைத்துக் குடித்த இன்னொரு மீன்பிடிகாரர் கிடையாது. எமில்டாவின் தலையெழுத்து, அவர் அவளுக்குப் புருசனாய் வாய்த்தது.

எல்லாம் அவருடைய மருமகன் ஜெனுசனால் வந்த வினை. அங்கே லொறி ஓடுகிறவன். அந்த நாட்டில் கவுண்டி எண்டு சொல்லுகிற ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஷெரிப் என்றொரு பொலிஸ் தலைவர் உண்டாம். அவருடைய ஆட்கள் சட்டைத் தோளில் தைக்கிற, ஊர்ச் சின்னம் போட்ட துணிப்பட்டி ஒன்றை அவன் விளையாட்டாக அனுப்பிவைத்தான். ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதைதான். இப்போது அலுமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பட்டி அல்பம். குசினியில் குழம்பு அடிப்பிடிக்கும். இவர் வாசலில் நின்று, எந்தக் கவுண்டியில் எந்த ஆறு பெருகி நீதிமன்றத்தை அள்ளிப்போனது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த மாதம் புதுப் பித்து. கூழைக்கடாப் படம் போட்ட பட்டியொன்று ஓய்வுபெற்ற ஷெரிப் ஒருவரிடம் இருந்தது. அவர் விற்கமாட்டாராம். உங்கள் ஊர்ப் பட்டியையும் அதன் கதையையும் அனுப்பினால் மாற்றித் தருவாராம்.

"கூழைக்கடா பாக்கிறதெண்டா களப்புக்குப் போங்கோவன். கூட்டமா நிக்குது," என்றாள் எமில்டா.

"அது வேற, இது வேற. நீ ஒண்டு தைச்சுத் தா."

பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கக் குவிந்து கிடக்க, அவள் பட்டி தைத்தாள். ஷெரிப்மார் நெஞ்சில் குத்துகிற மாதிரி நட்சத்திரம் தைத்தாள், "எங்களுக்கேது ஷெரிப்?" என்றார். இறால் தைத்தாள், பூரான் மாதிரிக் கிடக்குதென்று பிரிக்கச் சொன்னார். கோயில் தைத்தாள், கோபுரம் சரிந்துவிட்டதாம். அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நாலாந்தரம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. களப்புத் தண்ணீரை நீலநூலால் இழுத்தாள். கரையில் ஒரு கிணறு, ஒரு பக்கக் கட்டு உடைந்தது. கீழே ‘பூவரசந்துறை’ என்று எழுத்து. அவர்களுடைய பழைய வீடு வளவு அங்கேதான். சண்டை முடிந்து இத்தனை வருசமாகியும் அது ஆமிக்காரரின் கம்பிவேலிக்கு உள்ளே கிடக்கிறது. இவர்கள் இருப்பது பிறகு கொடுத்த காணியில்.

"இந்தாங்கோ. கதையையும் எழுதி அனுப்புங்கோ. நல்ல தண்ணிக் கிணறு, போக ஏலாது, அவ்வளவுதான்."

மரியநேசன் வாங்கிப் பார்த்தார். அலுமாரிப் பக்கம் கொண்டுபோனார்.

அடுத்த நாள் அலுமாரியைத் துடைக்கும்போது அல்பம் விரிந்து கிடந்தது. முதல் பக்கத்தில் கிணறு.

"என்னப்பா, இன்னும் அனுப்பேல்லையோ?"

"இதைக் குடுத்திட்டு மற்றவன்ர ஊரை வாங்கச் சொல்லுறியோ?"

எமில்டாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கதிரையை இழுத்துத் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள்.

"அப்ப அந்தாளுக்கு என்னத்தை அனுப்புறது?"

"அந்த இறால் நல்லாத்தானே இருந்தது, எமில்டா."

"பூரான் எண்டு பிரிக்க வைச்சது ஆர்?" என்று கத்திக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள்.